பின்பக்கத்துக் கேட்

ஒருவழியாக அம்மா தலையாட்டிவிட்டாள் என்று போன வாரம் நிம்மதியாகப் பத்திரிகையை மூடிவைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள். சின்னவன் இனிமேல் தனியாகவே மைதானத்துக்குப் போய் வரலாம், துணைக்கு யாரும் வேண்டாம் என்று அவள் சொன்னது உண்மைதான். சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனாள். அங்கே மகள் பெரியவளின் காதில் வேறொன்று சொன்னாள்.

"நீ அவனுக்குத் தெரியாம பின்னாடியே போ. எங்கேயாவது ஒளிஞ்சு நின்னு பாத்துக்கோ. அவனுக்கும் தெரியக் கூடாது, அங்கே இருக்கறவங்களுக்கும் தெரியக் கூடாது."

"இதுக்குப் பேர் தனியா அனுப்பறதாம்மா?"

"நான் செத்தா உன் இஷ்டம்போலப் பண்ணு. இப்ப சொன்னதைச் செய்."

அம்மாவின் வாயில் 'நான் செத்தா' வந்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அன்றிலிருந்து காதும் காதும் வைத்த மாதிரி இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

பெயர்தான் சின்னவன். முப்பது வயதைத் தாண்டியாயிற்று. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான். உடம்பு வளர்ந்த வேகத்தில் புரிதல் வளரவில்லை. ஒன்றைக் கற்றுக்கொள்ள அவனுக்கு நம்மைவிடப் பல மடங்கு நேரமாகும். கற்றுக்கொண்டானோ, பிறகு விடவே மாட்டான். அதனால் அம்மா அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டின மாதிரி வைத்திருந்தான்.

அம்மாவுக்கு இரண்டு பயம். ஊர் அவனை என்ன செய்யுமோ என்பது ஒன்று. அவ்வளவு பெரிய உருவத்தைப் பார்த்து ஊர் என்ன நினைக்குமோ என்பது இன்னொன்று. முதல் பயத்தை வாய்விட்டுச் சொல்வாள். இரண்டாவதைப் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று காலையும் வழக்கம்போலப் பாடம் ஒப்பிக்கச் சொன்னாள்.

"வழி தெரியலேன்னா?"

"நின்ன எடத்துலயே நிப்பேன்."

"தெரியாதவங்க யாராவது பேசினா?"

"பேச மாட்டேன்."

"சத்தம்?"

"போட மாட்டேன்." சொல்லிவிட்டு அவன் ஷூ லேசைக் கட்டக் குனிந்தான். அதை அவனாகவே கட்டுவது மைதானத்துக்குப் போகத் தொடங்கிய பிறகுதான். முடிச்சு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆனாலும் முடிச்சுதான்.

அந்த மைதானம் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். சம்பளம் வாங்காத சில பெரியவர்கள் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறார்கள். பயிற்சி கொடுப்பவள் ஒரு பெண். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்குவதால் அவளுக்குப் பெயரே 'விசில்' ஆகிவிட்டது. பந்துக்குக் காற்றடிப்பதும், சுண்ணாம்புத் தூள் வண்டியைத் தள்ளிக் கோடு போடுவதும் சின்னவன் பொறுப்பு. அவன் போட்ட கோல் கட்டம் ஒரு பக்கம் தொந்தி தள்ளிக்கொண்டு நிற்கும். வெளியூர் அணிகள் சிரிக்கும். உள்ளூர்ப் பிள்ளைகளோ அதைத் தங்கள் மைதானத்தின் அடையாளம் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

அதற்கு முன்னால் அவன் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருப்பான். இப்போது சட்டைகள் முழுசாக இருக்கின்றன. வழியில் ரொட்டிக் கடைக்காரம்மாவுக்கு வணக்கம் சொல்கிறான். பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சிரிக்கிறான். இதையெல்லாம் அம்மா பார்க்காமல் இல்லை. பார்த்தும் அவள் பயம் ஒரு அங்குலம் நகரவில்லை.

அம்மாவுக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. அன்று ஏதோ ஹோட்டலுக்கான பெரிய ஆர்டர். கனமான துணி மடியிலும் தரையிலும் மலையாய்க் கிடக்க, அடிமடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். சாயந்தரம் போன் அடித்தது. திரையில் விசில் பெயர்.

"அம்மா, சின்னவன் வீட்டுக்கு வந்துட்டானா?"

மெஷின் மிதியிலிருந்து அவள் கால் தானாக எடுபட்டது.

"இல்லையே. அங்கேதானே இருப்பான்?"

"பதறாதீங்க. இங்கேதான் எங்கேயாவது இருப்பான். கோடு போடற வண்டி பாதியில நிக்குது, அதான் கேட்டேன்."

பாதியில் நிற்கிறதா? எடுத்த கோட்டை முடிக்காமல் அவன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டானே! உடனே மகளைக் கூப்பிட்டாள்.

"எங்கே அவன்? நீ பாத்துக்கிட்டுதானே இருக்கே?"

பெரியவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். சாயந்தரம் கிடைக்கும் சின்ன இடைவேளையில்தான் மைதானத்துக்கு ஓடி, உடை மாற்றும் அறைக்குப் பின்னால் நின்று தம்பியைப் பார்த்துவிட்டு வருவாள்.

"அம்மா... கன்னம் வீங்கி ஒருத்தர் வந்துட்டார்னு டாக்டர் அவசரமா கூப்பிட்டார். நான் கிளம்பி வந்துட்டேன். வரும்போது அவன் நல்லாத்தான் கோடு போட்டுக்கிட்டு இருந்தான்மா."

அம்மா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். முதலாளி ஏதோ கேட்டார். அது அவள் காதில் ஏறவில்லை.

மைதானத்தில் பிள்ளைகள் விளையாடவில்லை. எல்லாரும் ஒரு மூலையில் கூட்டமாக நின்றார்கள். நடுவில் மருந்துக்கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய மகன் அங்கே பயிற்சிக்கு வருகிறவன். மகனோடு ஐந்து வயது மகளும் தினமும் வந்து, ஓரமாக மண்ணில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

இன்று அந்தக் குழந்தையையும் காணவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எப்படிங்க காணாமப் போவாங்க?" மருந்துக்கடைக்காரர் அம்மாவைக் கண்டதும் அவள் பக்கம் திரும்பினார். "உங்க பையனுக்கு வயசு என்ன? சொல்லுங்க. என் பொண்ணுக்கு என்ன வயசு தெரியுமா?"

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அம்மா இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த இரண்டாவது பயத்தை அந்த மனிதர் கூட்டத்தின் நடுவில் போட்டு உடைத்துவிட்டார்.

அப்போது மைதானத்தைப் பராமரிக்கும் ஆள் முன்னால் வந்தார். எல்லாரும் மைதானக்காரர் என்பார்கள். குட்டையான, எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிற மனிதர்.

"வார்த்தையைக் கொட்டாதீங்க சார். அவன் கூடத்தான் பாப்பா இருக்குன்னா, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நான் எழுதித் தர்றேன்."

"நீ யாரு எழுதித் தர? அவனைப் பெத்தவங்களே வாயைத் திறக்கலே!"

உண்மை. பெற்றவள் வாயைத் திறக்கவில்லை. 'என் பையன் அப்படியில்லை' என்று ஒரே ஒரு வரி. அதைக்கூட அவள் சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில், ஒரு கண் சிமிட்டும் நேரம்தான், அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவனுக்கு எது சரி எது தப்பு என்று தெரியுமா? விளையாட்டாகத் தூக்கிக்கொண்டு போய், எங்கேயாவது கீழே போட்டுவிட்டு, பயந்து ஒளிந்துகொண்டிருந்தால்? அவள் தன் மனசை நினைத்தே கூசிப்போனாள். ஆனால் நினைப்பு வந்தது வந்ததுதான்.

"போலீசுக்குச் சொல்லியாச்சு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

போலீஸ் கேட்டால் அவன் பதில் சொல்ல மாட்டான். பேசாதே என்று சொல்லிக் கொடுத்தவள் அவளேதான். கூப்பிட்டால் வர மாட்டான், நின்ற இடத்திலேயே நிற்பான். இருட்டுகிற நேரத்தில், அழுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்காத ஒரு பெரிய ஆள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

விசில் எல்லாரையும் அடக்கினாள். "போலீஸ் வரட்டும். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாது. மைதானத்துக்குள்ளே பாத்தாச்சு. தெருப்பக்கம் போயிருந்தா ரொட்டிக் கடையில பாத்திருப்பாங்க."

"என் கண்ணுல படாம அவன் போகவே முடியாது," என்றாள் ரொட்டிக் கடைக்காரம்மா. கடையைப் பாதி இறக்கிவிட்டு, மாவுக் கையோடு வந்திருந்தாள். "வணக்கம் சொல்லாம ஒரு நாளும் தாண்ட மாட்டான். சொல்லி, நான் திருப்பிச் சொன்னாத்தான் நகருவான்."

அப்போதுதான் அம்மா சுற்றிப் பார்த்தாள். டயர் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகளின் தாய்மார்கள் கையில் டார்ச்சோடு நின்றார்கள். அம்மாவுக்கு முகமே தெரியாதவர்கள் 'சின்னவன் எங்கே, சின்னவன் எங்கே' என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் ஒருமுறை அவன் தொலைந்தபோது அவள் ஒற்றை ஆளாய்த் தெருத் தெருவாக அலைந்தாள். 'ஒரு பையன், உயரமா இருப்பான்' என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டதுதான் மிச்சம். யாருக்கும் அவனைத் தெரியாது. தெரியாதபடி அவனை வளர்த்திருந்தவளும் அவள்தான்.

மைதானக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "பின்பக்கத்துக் கேட் திறந்து கெடக்கு!"

பின்பக்கம் என்றால் வாய்க்கால். கரையோரமாகப் போனால் பழைய கிடங்குகள், ஒன்றைப் போலவே இன்னொன்றாக, ஆள் நடமாட்டமே இல்லாமல். கூட்டத்தில் நின்றிருந்த மருந்துக்கடைக்காரரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் பெரியவள் வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரி மேலங்கியைக் கழற்றக்கூட இல்லை. கேட் என்ற சொல்லைக் கேட்டதும் பேயறைந்த மாதிரி நின்றாள். அம்மாவை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா... நான்தான்மா."

"என்னடி நான்தான்?"

"முன்பக்கமா வந்தா எல்லாரும் பாத்துடுவாங்கன்னு தினமும் அந்தக் கேட் வழியாத்தான் வருவேன். கம்பிக்குள்ளே கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினா திறந்துக்கும். போகும்போது அதே மாதிரி உள்ளே கையை விட்டுப் போடணும். இன்னைக்கு டாக்டர் போன்ல கத்திக்கிட்டே இருந்தார். போட்டேனா இல்லையான்னு..." அவள் குரல் உடைந்தது. "போடலேம்மா. போடலே."

அம்மா மகளைத் திட்டவில்லை. யாரைத் திட்டுவது? ஒளிந்து பார்க்கச் சொன்னது யார்? பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஆள் வைத்தாள். வைத்த ஆளே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"இப்ப வாயைத் திறக்காதே," என்றாள் அம்மா. "முதல்ல அவன் கிடைக்கட்டும்."

வாய்க்கால் கரையில் விசில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நடந்து மைதானத்துக் குப்பையைப் பொறுக்குவார்களே, அதே மாதிரி. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. ஒரு குச்சி மிதந்தாலும் யாராவது மூச்சை இழுத்தார்கள். கொஞ்ச தூரத்தில் டயர் கடைக்காரர் குனிந்து எதையோ எடுத்தார். குழந்தையின் செருப்பு. ஒற்றைச் செருப்பு.

மருந்துக்கடைக்காரர் அதைக் கையில் வாங்கினார். அதுவரை கத்திக்கொண்டிருந்த மனிதர் சத்தமே போடவில்லை. அவர் முகத்தைப் பார்த்த அம்மா தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டாள். முதலில் அந்தக் குழந்தைக்காக. பிறகுதான் தன் பிள்ளைக்காக.

"சின்னவா! கண்ணா!" அம்மா கத்திப் பார்த்தாள். குரல் அடுத்த கிடங்குவரைகூடப் போகவில்லை.

"கொஞ்சம் இருங்கம்மா. எல்லாரும் பேசாம இருங்க," என்றாள் விசில். விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினாள். நிறுத்தினாள். காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. கொஞ்ச தூரம் நடந்து மறுபடி ஊதினாள்.

இரண்டு கிடங்குகளுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துட்டேன் மிஸ்!"

அது அவன் குரல்தான். ஆனால் அவ்வளவு சத்தமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. வீட்டில் கூப்பிட்டால் பதில் வராது, அவள்தான் தேடிப் போய்க் கையைப் பிடிப்பாள்.

"விசில் கேட்டா வந்துட்டேன்னு சொல்லுவான், ஆனா வர மாட்டான்," என்றாள் விசில். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவள் முகம். "வழி தெரியலேன்னா நின்ன எடத்துலயே நிக்கணுமாம். வெளியூர் மேட்ச்ல பாத்ரூம் வாசல்ல அப்படித்தான் நின்னான். வாங்க, நாமதான் போகணும்!"

இரண்டு கிடங்குகளுக்கு நடுவிலிருந்த குறுகிய சந்தில் அவன் நின்றிருந்தான். இடுப்புவரை ஈரம், சேறு. குழந்தை ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய கிளப் சட்டை அவள் பாதம்வரை தொங்கியது. வெற்று உடம்போடு குளிரில் வெடவெடத்துக்கொண்டே, தண்ணீர்ப் பக்கம் அவள் போய்விடாதபடி கோல் காப்பவன் மாதிரி இரண்டு கையையும் அகலமாக விரித்து மறித்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடியே ஓடினேன், நாய்க்குட்டி ஓடிப்போச்சுப்பா," என்று குழந்தை அழுதாள். அவளுடைய துக்கம் அதுதான்.

மருந்துக்கடைக்காரர் பாய்ந்து குழந்தையைத் தூக்கினார். மறுகையைச் சின்னவனின் நெஞ்சில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அத்தனை பெரிய உடம்பு சேற்றில் உட்கார்ந்தது. திருப்பி அடிக்கவில்லை. அழவும் இல்லை. அவர் முகத்தையே புரியாமல் பார்த்தான்.

"சார்!" விசில் குறுக்கே வந்து நின்றாள். "பாப்பா முடியைப் பாருங்க. தலைவரைக்கும் ஈரம். தண்ணியில விழுந்திருக்கா. இறங்கித் தூக்கினது யாருன்னு அவன் இடுப்பைப் பாருங்க, தெரியும்."

அவர் பார்த்தார். பார்த்ததும் அவருடைய கை தாழ்ந்தது. ஆனால் பயம் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? கோபமாகவே நின்றது.

"சரி. தூக்கினான். கேட்டைத் திறந்து இவளை வெளியே விட்டது யாரு? அதுவும் இவன்தானே?"

"திறந்துதான்பா இருந்துச்சு," என்றாள் குழந்தை.

பெரியவள் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மைதானக்காரர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கேட்டைப் பாத்துக்கறது என் வேலை சார். மத்தியானம் குப்பை கொட்டப் போனேன். நான்தான் தாழ்ப்பாள் போடாம விட்டிருப்பேன். அவனைச் சொல்லாதீங்க."

"அப்ப நாளைக்கு நீ இங்கே இருக்கக் கூடாது. கிளப் கமிட்டியில நானும் இருக்கேன். என் பொண்ணு செத்திருப்பா, தெரியுதா உனக்கு?"

"தெரியுது சார்," என்றார் மைதானக்காரர். அவருக்கு அந்த மைதானத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. குடியிருப்பதே அங்கிருக்கும் சாமான் அறைக்குப் பின்னால்தான்.

அம்மாவின் பிடி தளரவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். 'உங்களாலதான் என் குழந்தை தண்ணியில விழுந்தா' என்பார். சின்னவனை மைதானத்துப் பக்கமே விட மாட்டார்கள். மறுபடி ஜன்னல், மறுபடி காலர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மென்று விழுங்கிவிடலாம்.

சின்னவன் சேற்றிலிருந்து எழுந்தான். மைதானக்காரரிடம் போய், "நீ இல்லண்ணே. நீ தாழ்ப்பாள் போட்டே, நான் பாத்தேன்," என்றான்.

"பின்னே யாரு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சின்னவன் அக்காவைப் பார்த்தான். தினமும் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பவளை அவன் முதல் நாளே பார்த்துவிட்டான் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்று நினைத்திருக்கிறான். ஒளிந்திருப்பவரைக் காட்டிக் கொடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும் அல்லவா? அவன் உதட்டின் மேல் விரலை வைத்து அக்காவைப் பார்த்துச் சிரித்தான். சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

பெரியவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பெற்ற தாய் அவன்மேல் சந்தேகப்பட்டாள். முணுமுணுப்பு மனிதர் ஒருவர் அவனுக்காக வேலையையே விட்டுக் கொடுக்கிறார். இவர்கள் நடுவில் விட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றா இத்தனை காலம் நடுங்கினோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது. மகளின் கையை விட்டாள்.

"கேட்டைத் திறந்து போட்டது நாங்க," என்றாள். "இவரில்லே. என் பையனைத் தனியா அனுப்பறேன்னு உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு, என் பொண்ணை ஒளிஞ்சு பாக்கச் சொன்னேன். அவ அந்தக் கேட் வழியாத்தான் வருவா, போவா. இன்னைக்கு அவசரத்துல தாழ்ப்பாள் போடலே. அவளைச் சொல்லிக் குத்தமில்லே. நான்தான் உங்க யாரையும் நம்பலே."

மருந்துக்கடைக்காரர் குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரம்மா அம்மாவைப் பார்த்த பார்வையில் பழைய அன்பு இல்லை. மைதானக்காரர் மட்டும் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். தூரத்தில் போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

சின்னவனுக்குக் குளிர் தாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு விசிலிடம் போனான். தினமும் கிளம்பும்போது கேட்பதைக் கேட்டான்.

"மிஸ், கோடு பாதியில நிக்குது. நாளைக்கு வந்து முடிக்கட்டுமா?"

'வராம எங்கே போவே?' என்பாள் விசில், எப்போதும், உடனே. இன்று அவள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அவன் பதிலுக்காகக் காத்து நின்றான்.